‘லோஸ் ஒல்விதாதோஸ்’ ஏழைகளை வெறுக்கும் படமா?

கேள்வியை இரண்டு முறை படித்தேன். குற்றப்படம் என்று யாரோ சொன்னதை நம்பி இயக்குநர் லூயிஸ் புனுவலின் ‘லோஸ் ஒல்விதாதோஸ்’, அதாவது ‘மறக்கப்பட்டவர்கள்’, பார்த்திருக்கிறீர்கள். துப்பறிகிறவரும் இல்லை, மர்மமும் இல்லை, முடிவு வயிற்றைப் பிசைகிறது, இதற்கு எதற்கு இத்தனை விருது என்று கேட்கிறீர்கள். மெக்சிகோவில் தடை செய்தார்களாமே, சந்தோஷமான முடிவு ஒன்றும் இருக்கிறதாமே, எது நிஜம் என்றும் கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், “இந்த ஆளுக்கு ஏழைகள் மேல் ஏதாவது கோபமா?” என்று, அதுதான் உங்களை உறுத்தும் கேள்வி என்று நினைக்கிறேன். 1950இல் மெக்சிகோ நகரத்தில் படம் பார்த்த பலரும் இதையேதான் கேட்டார்கள், உங்களைவிடக் கொஞ்சம் சத்தமாக.

நான் இருபது வருடத்துக்கு மேல் படத்தொகுப்பு வேலை செய்தவன், இப்போது மாணவர்களுக்கு அதையே சொல்லிக்கொடுக்கிறேன், வருடத்துக்கு ஒருமுறையாவது இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. வசனத்தின் தெருப்பேச்சு வாடையெல்லாம் எனக்கு சப்டைட்டில் வழியாக வந்து சேர்ந்ததுதான், அதனால் வசனம் பற்றி நான் தீர்ப்புச் சொன்னால் நம்பாதீர்கள். ஷாட், வெட்டு, ஒலி பற்றிச் சொன்னால் நம்பலாம்.

படம் பார்க்காதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பி வந்த ஹைபோ, குடிசைப் பகுதிச் சிறுவர்களுக்குத் தலைவன். தன்னைக் காட்டிக்கொடுத்தவன் என்று நினைத்து ஹூலியான் என்ற உழைப்பாளிப் பையனை, கை முறிந்தவன்போல் போட்டிருந்த கட்டுக்குள் கல்லை மறைத்துவைத்துக் கூட்டிப்போய் அடித்துக் கொல்கிறான். கூடவே போன சின்னவன் பெத்ரோ அதற்கு ஒரே சாட்சி. அங்கிருந்து பெத்ரோ திருந்தப் பார்க்கும்போதெல்லாம் ஹைபோ குறுக்கே வந்து நிற்கிறான். கத்திப் பட்டறையில் பெத்ரோவுக்கு வேலை கிடைக்கிறது, ஹைபோ அங்கே வந்து ஒரு கத்தியைத் திருடிப் போகிறான், பழி பெத்ரோ மேல். வீட்டுக்கு வருகிறான், பெத்ரோவின் அம்மாவோடு உறவாகிறான். பெத்ரோவைத் திருத்த அனுப்பிய பண்ணைப் பள்ளியில் அதன் தலைவர் நம்பிக் கொடுத்த ஐம்பது பெசோவையும் வாசலில் காத்திருந்து பிடுங்கிக்கொள்கிறான். கடைசியில் பெத்ரோவைக் கொல்கிறான், போலீஸ் அவனைச் சுட்டுக்கொல்கிறது, பெத்ரோவின் உடல் குப்பைமேட்டில் உருள்கிறது.

கொலை யார் செய்தது என்பது படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கப்புறம் படத்தை இழுத்துப்போவது, அந்தக் கொலையைப் பார்த்துவிட்ட ஒருவன் அதிலிருந்து வெளியே வர முடியுமா என்பதுதான். இந்த வகையில் பார்த்தால் இது சுத்தமான குற்றப்படம், விசாரணை மட்டும் இல்லை, அவ்வளவுதான். ‘சிட்டி ஆஃப் காட்’ மாதிரி பிற்காலத்துப் படங்களைப் பார்த்துவிட்டு இதற்கு வருகிறவர்களுக்கு வேகம் குறைவாகத் தெரியலாம், ஆனால் தெருப் பிள்ளைகளின் குற்றத்தைச் சொன்ன பல படங்களுக்கு இது முன்னோடி.

சரி, ஏழைகள் மேல் கோபமா என்ற விஷயத்துக்கு வருகிறேன். இது புரிய வேண்டுமானால், அந்தக் காலத்து மெக்சிகோ ரசிகன் அரங்குக்குள் எதை எதிர்பார்த்துப் போயிருப்பான் என்று தெரிய வேண்டும். 1948இல் இஸ்மாயில் ரோத்ரிகெஸ் இயக்கி பெத்ரோ இன்ஃபான்தே நடித்த ‘நோஸோத்ரோஸ் லோஸ் போப்ரெஸ்’, அதாவது ‘நாங்கள் ஏழைகள்’, மெக்சிகோவில் சக்கைப்போடு போட்டது. அதில் ஏழை என்றால் பாடுவான், அழுவான், ஆனால் மனசு தங்கம். அந்தப் படத்துக்கு எழுதியவர்களில் ஒருவரான பெத்ரோ தெ உர்திமாலாஸ்தான் புனுவலின் படத்துக்கும் தெருப்பேச்சு வசனத்தில் உதவினார், உதவிவிட்டுத் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ‘நாங்கள் ஏழைகள்’ படத்தில் வில்லனாக வந்த மிகேல் இன்க்லான் இதில் குருட்டுப் பாடகர் தொன் கார்மேலோ. பார்வையற்ற முதியவர், தெருவில் பாடிப் பிழைப்பவர், பையன்கள் கல்லால் அடிக்கிறார்கள், ஐயோ பாவம் என்று நாம் மனதைத் தயார் செய்துகொள்ளும்போதே அவர் சின்னப் பெண் மெச்சேயை மடியில் இழுத்துத் தடவுகிறார், சர்வாதிகாரி போர்ஃபீரியோ தியாஸின் காலம்தான் பொற்காலம் என்கிறார், ஹைபோ சுடப்படும் சத்தம் கேட்டு “ஒருத்தன் குறைந்தான்” என்று துள்ளுகிறார், இவர்கள் எல்லாம் பிறப்பதற்கு முன்பே செத்துத் தொலைய வேண்டும் என்கிறார்.

இதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்வது சுலபம். ஆனால் அந்தக் கிழவர் ஸ்பானிய இலக்கியத்தில் நானூறு வருடமாக இருக்கிறவர், 1554இல் வெளியான ‘லாசரிலியோ தெ தோர்மெஸ்’ கதையில் குருட்டுப் பிச்சைக்காரரும் அவருக்கு வழிகாட்டும் பையனும் ஒருவரை ஒருவர் ஏமாற்றுவார்கள். இங்கே அந்தப் பையனின் இடத்தில் ஒஹீத்தோஸ் இருக்கிறான். கிராமத்திலிருந்து கூட்டிவந்த அப்பா, இங்கேயே நில் என்று சந்தையில் நிறுத்திவிட்டுப் போனவர், திரும்பி வரவில்லை. ஏழை நல்லவனாக இருந்தால்தான் இரக்கப்படுவேன் என்று நமக்குள் ஒரு கணக்கு இருக்கிறதல்லவா, புனுவல் அந்தக் கணக்கைத்தான் உடைக்கிறார் என்பது என் எண்ணம். நல்லவனாக இல்லாத பிள்ளைக்கும் சோறு வேண்டும், அம்மா வேண்டும். ஹைபோவையே பாருங்கள், தன் அம்மாவைத் தனக்குச் சரியாகத் தெரியாது என்று பெத்ரோவின் அம்மாவிடம் சொல்லும் அதே காட்சியில்தான் அவளை மயக்கவும் செய்கிறான், இரண்டுமே அவனுக்கு நிஜம். இதில் எது நடிப்பு என்று மாணவர்கள் கேட்பார்கள். பதில் சொல்ல முடியாதபடிதான் அந்தக் காட்சி எடுக்கப்பட்டிருக்கிறது.

அம்மா என்றதும் இன்னொன்று. மார்த்தா (எஸ்தேலா இந்தா) பெத்ரோவுக்குச் சாப்பாடு போட மறுக்கும் காட்சி உங்களை எரிச்சலூட்டியதாக எழுதியிருந்தீர்கள். படப்பிடிப்பிலேயே அது ஒருவரை எரிச்சலூட்டியது. மெக்சிகோ அம்மா எவளும் இப்படிச் செய்யமாட்டாள் என்று சொல்லி, தலை அலங்காரம் செய்யும் பெண் வேலையை விட்டே போய்விட்டாராம். அதற்குச் சில நாள் முன்புதான் ஒரு தாய் தன் பிள்ளையை ஓடும் ரயிலிலிருந்து தூக்கி எறிந்த செய்தியைப் பத்திரிகையில் படித்திருந்தேன் என்று புனுவல் தன் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். படத்துக்குள்ளும் காரணம் இருக்கிறது, கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். சிறுவர் நீதிமன்ற அதிகாரி, உன் மகன் மேல் உனக்கு ஏன் அன்பில்லை என்று கேட்கும்போது, நான் சிறுமியாக இருந்தேன், என்னைக் காத்துக்கொள்ள முடியவில்லை என்கிறாள். பெத்ரோ எப்படி உண்டானான் என்பது அந்த ஒரே பதிலில் தெரிந்துவிடுகிறது. கேமரா அதில் நின்று கண்ணீர் கறப்பதில்லை, மேலே போய்விடுகிறது. படம் முழுக்க புனுவல் இதைத்தான் செய்கிறார், காரணத்தைச் சொல்வார், அழ நேரம் தரமாட்டார்.

இவையெல்லாம் கற்பனை இல்லையா என்றால், பெரும்பாலும் இல்லை. புனுவலும் இணைக் கதாசிரியர் லூயிஸ் அல்கோரிசாவும் சிறுவர் நீதிமன்றக் கோப்புகளைப் படித்தார்கள், பழைய உடையில் மாதக்கணக்கில் குடிசைப் பகுதிகளில் அலைந்தார்கள், மெக்சிகோ நகரத்தின் நோனோஅல்கோ ரயில் பாதையோரக் குடியிருப்புகளிலும் ரோமிதாவிலும் வெளிப்புறக் காட்சிகளை எடுத்தார்கள். ஒரு பையனின் உடல் குப்பைமேட்டில் கிடந்தது என்பதும் புனுவல் பத்திரிகையில் பார்த்த செய்திதான். இது மிகேல் அலெமான் ஜனாதிபதியாக இருந்த காலம், நகரம் எங்கும் புதுக் கட்டடங்கள், முன்னேறுகிறோம் என்ற பேச்சு. படத்தில் ஹூலியான் கொல்லப்படும் வெட்டவெளிக்குப் பின்னால் ஒரு பெரிய கட்டடத்தின் எலும்புக்கூடு நிற்கும், கவனித்தீர்களா? அதன் தளங்களில் நூறு பேர் கொண்ட இசைக்குழுவை உட்காரவைக்க வேண்டும் என்று புனுவல் ஆசைப்பட்டார், தயாரிப்பாளர் ஒஸ்கார் தான்சிகர்ஸ் வேண்டவே வேண்டாம் என்று தடுத்துவிட்டார். நல்லவேளை என்று நான் நினைக்கிறேன். இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு.

ஆனால் புனுவல் இதை வெறும் ஆவணமாகவும் விடவில்லை. இத்தாலிய நியோரியலிசம் (சாதாரண மக்களின் வாழ்க்கையை நிஜத் தெருக்களில் உள்ளபடி எடுக்கும் பாணி) என்று இந்தப் படத்தை ஒரு பெட்டிக்குள் போடுவார்கள், அது பாதிதான் சரி. தெ சிகாவின் ‘ஷூஷா’ அவருக்குப் பிடித்த படம், மற்றபடி கண்ணுக்குத் தெரிவது மட்டுமே நிஜம் என்பதை அவர் ஏற்கவில்லை. அதனால்தான் பெத்ரோவின் கனவு வருகிறது. அந்தக் காட்சியை நான் மாணவர்களுக்கு முதலில் ஒலியில்லாமல் போடுவேன், அப்புறம் ஒலியோடு. மெதுவாக ஓடும் படம், அசையாத உதடுகளிலிருந்து வரும் குரல்கள், கட்டிலுக்கு அடியில் ஹூலியானின் ரத்தம் வழியும் சிரித்த முகம், வெள்ளை இரவு உடையில் அம்மா ஒரு பச்சை மாமிசத் துண்டை நீட்டிக்கொண்டு மிதந்து வருகிறாள், கட்டிலுக்குக் கீழிருந்து ஹைபோவின் கை நீண்டு அதைப் பறிக்கிறது. பசி, தாய்ப்பாசம், கொலைக் குற்ற உணர்வு மூன்றையும் ஒரே மாமிசத் துண்டில் கட்டிவிட்டார். தொகுப்பாளர் கார்லோஸ் சவாகே அங்கே அவசரப்படவே இல்லை, எனக்கு இன்றும் பொறாமை வரும்.

இன்னும் இரண்டு இடங்கள். பெத்ரோ தெருவில் கடைக் கண்ணாடி முன் நிற்க, நன்றாக உடுத்திய ஒரு ஆள் அவனோடு பேச்சுக் கொடுக்கிறான். கேமரா கடைக்குள்ளே இருக்கிறது, அவர்கள் கண்ணாடிக்கு வெளியே, பேச்சு நமக்குக் கேட்காது. போலீஸ்காரர் வருவதைப் பார்த்ததும் அந்த ஆள் நழுவுகிறான். ஒரு வார்த்தை கேட்காமலே அவன் எதற்கு வந்தான் என்று புரிகிறது. இன்னொன்று பண்ணைப் பள்ளியில், முட்டை குடிக்கும் பெத்ரோ திடீரென்று அதைக் கேமராவை நோக்கி எறிகிறான், லென்ஸ் மேல் மஞ்சள் கரு வழிகிறது. சும்மா பார்த்துக்கொண்டிருந்த நம் முகத்தில் விழுந்த அடி அது. ஒளிப்பதிவாளர் கப்ரியேல் ஃபிகேரோவா, எமிலியோ ஃபெர்னாந்தெஸின் ‘மரியா கந்தேலாரியா’ போன்ற படங்களில் மேகமும் மலையுமாக மெக்சிகோவை உலகுக்கு அழகாகக் காட்டியவர். அவரையே கூட்டிவந்து குப்பைமேட்டைக் காட்டச் சொன்னதில் ஒரு குறும்பு இருக்கிறது.

தடை விஷயம். அரசாங்கத் தடை என்று இணையத்தில் பலர் எழுதுவது சரியில்லை. 1950 நவம்பர் 9, வியாழக்கிழமை படம் வெளியானது, சில நாட்கள்தான் ஓடியது என்று புனுவல் நினைவுகூர்கிறார். எதிர்ப்புதான் படத்தைத் தூக்கியது. ஒரு வருடம் முன்புதான் மெக்சிகோ குடியுரிமை வாங்கிய ஸ்பானியர் புனுவல், இந்த ஆளை நாட்டைவிட்டு அனுப்பு என்று குரல் எழுந்தது. தனிக் காட்சி ஒன்றின் முடிவில், கவிஞர் லெயோன் ஃபெலிபேயின் மனைவி நகங்களை நீட்டிக்கொண்டு தன் மேல் பாய்ந்ததாகவும், ஓவியர் சிகேரோஸ் குறுக்கிட்டுப் பாராட்டியதாகவும் அவர் எழுதியிருக்கிறார். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வெளியான தேதி, விருதுகள், யார் யார் வேலை செய்தார்கள் என்பதெல்லாம் உறுதியானவை. இசைக்குழு, தலை அலங்காரப் பெண், நகம் எல்லாம் முக்கியமாக அவர் வாய்மொழி, 1982இல் எண்பது வயது தாண்டி வெளியிட்ட நினைவுக் குறிப்பில் இருப்பவை. தன் ஞாபகத்தில் பொய்யும் கலந்திருக்கும் என்று அந்தப் புத்தகத்திலேயே ஒப்புக்கொண்ட மனுஷன். நான் அவற்றை நம்புகிறேன், ஆனால் நீதிமன்றத்தில் சத்தியம் செய்யமாட்டேன்.

விருது வந்த பிறகு கதை மாறியது. 1951 கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது. அப்போது பாரிசில் மெக்சிகோ தூதரகத்தில் வேலை பார்த்த கவிஞர் ஒக்டாவியோ பாஸ், பின்னாளில் இந்தியாவுக்கே தூதராக வந்தவர், படத்தைப் பற்றித் தானே ஒரு கட்டுரை எழுதி அரங்க வாசலில் நின்று கையில் கையில் கொடுத்தார். அரசாங்க ஊழியர் ஒருவர், அரசாங்கத்துக்குச் சங்கடமான படத்துக்காக இப்படி நின்றார் என்பது லேசான விஷயம் இல்லை. அப்புறம் மெக்சிகோவில் மறுபடி திரையிட்டார்கள், இந்த முறை சுமார் இரண்டு மாதம் ஓடியது. அந்த வருடம் மெக்சிகோவின் ஆரியல் விருதுகளில் பதினொன்று இதற்கே. 2003இல் யுனெஸ்கோ இதன் மூல நெகடிவை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இவ்வளவுக்கும் புனுவலுக்குக் கிடைத்தது 2,000 டாலர், லாபத்தில் பங்கு கிடையாது, படப்பிடிப்பு 21 நாள். இடதுசாரிகளும் முதலில் முகம் சுளித்தார்கள் என்பது ஒரு வேடிக்கை. நல்ல போலீஸ்காரரையும் நல்ல பள்ளித் தலைவரையும் காட்டிவிட்டாராம், பிரெஞ்சு கம்யூனிஸ்டுகளுக்குப் பிடிக்கவில்லை, சோவியத் இயக்குநர் புதோவ்கின் பாராட்டி எழுதிய பிறகுதான் மனம் மாறினார்கள்.

இனி அந்த இன்னொரு முடிவு. இருக்கிறது, வதந்தி இல்லை. 1990களில் மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் திரைப்படக் காப்பகத்தில் கிடைத்தது. அதில் சண்டையில் சாகிறவன் ஹைபோ. பெத்ரோ அந்த ஐம்பது பெசோவை எடுத்துக்கொண்டு பள்ளிக்குத் திரும்பிப் போகிறான். இதுவரை உறுதி. இதுதான் உண்மையான முடிவு, தயாரிப்பாளர் மாற்றிவிட்டார் என்று சிலர் சொல்வதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. வெளியான முடிவைத்தான் புனுவல் கடைசிவரை தன் படமாகப் பேசினார். தணிக்கையோ அரங்குக்காரர்களோ முரண்டு பிடித்தால் கொடுப்பதற்கென்று எடுத்துவைத்த காப்பு என்பதே பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது, ஆனால் இது ஊகம்தான், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தொழில் முறையில் ஒரு ஆதரவு சொல்ல முடியும்: அந்தத் துண்டைப் பார்த்தால், முன்னால் வந்த காட்சிகள் எதுவும் அதற்குத் தயாராகவில்லை என்பது தெரியும். சேவல், கோழி, புறா என்று படம் நெடுக வருவதும், ஹைபோ சாகும்போது அவன் கண்முன் வரும் தெருநாயும், அம்மாவின் குரலும் எல்லாம் அந்தக் குப்பைமேட்டை நோக்கித்தான் சரிந்துகொண்டிருக்கின்றன.

மறுபடி பார்ப்பதானால், வெளியான முடிவை முழுதாகப் பாருங்கள், மாற்று முடிவை ஒரு நாள் கழித்துப் பாருங்கள், ஒரே மூச்சில் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். பார்க்கும்போது ஒரு இடத்தில் கவனம் வையுங்கள். மெச்சேயும் அவள் தாத்தாவும் பழி தங்கள் மேல் வந்துவிடுமோ என்ற பயத்தில் பெத்ரோவின் உடலைக் கழுதை மேல் போட்டு மூடி இரவில் கொண்டுபோகிறார்கள். எதிரே மார்த்தா வருகிறாள், மகனைத் தேடித்தான். படத்திலேயே முதல் முறையாக அவனைத் தேடுகிறாள். கழுதை அவளைத் தாண்டிப் போகிறது.